காற்றில் நிற்கும் பிக்அப்: சி10 பின்னச்சு வடிவமைப்புகளை எடைபோடுதல்

காற்றுப்பை பொருத்திய கஸ்டம் பிக்அப்பைக் கண்காட்சியில் மதிப்பிடுபவர்கள் அதை நிறுத்திவைத்த கோலத்தில்தான் பார்க்கிறார்கள். சேஸிஸ் தரையைத் தொடுகிறதா, சக்கரம் ஃபெண்டருக்குள் எவ்வளவு புதைகிறது, வெல்டிங் சீராக ஓடியிருக்கிறதா என்பவையே அங்கே அளவுகோல்கள். இவை அற்பமானவை அல்ல. அறுத்து ஒட்டிய சேஸிஸில் வெல்டிங்கின் தரம் உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் சஸ்பென்ஷன் ஓடும்போதுதான் வேலை செய்கிறது. நிற்கும் கோலத்தை வைத்து அதற்குப் பரிசு கொடுக்கும் பழக்கம், நின்றால் மட்டும் சிறக்கும் வடிவமைப்புகளை அமெரிக்கப் பட்டறைகளில் முப்பது ஆண்டுகளாக வளர்த்துவிட்டிருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் வளைவு எடுக்கும்போதும், பாதி வளைவில் பிரேக் மிதிக்கும்போதும் எந்த வடிவமைப்பு நிலைகுலையாமல் இருக்கிறது என்பதை மட்டுமே இங்கே அளவுகோலாகக் கொள்கிறேன்.

சோதனைப் பொருளாக 1963 முதல் 1972 வரை வந்த ஷெவ்ரலே சி10 பிக்அப்பை எடுத்துக்கொள்ளலாம். அக்காலத்துப் பிக்அப்கள் பெரும்பாலும் லீஃப் ஸ்ப்ரிங்கில் நின்றபோது, சி10இன் பின்னச்சு காயில் ஸ்ப்ரிங்கில் நின்றது. இரண்டு நீண்ட கைகள் அச்சிலிருந்து முன்னோக்கிச் சென்று, வண்டியின் நடுக்கோட்டை நெருங்கிக் குறுக்குச் சட்டத்தில் முடிகின்றன. பக்கவாட்டு அசைவைப் பன்ஹார்டு பார் தடுக்கிறது. நாஸ்கார் பந்தயக் கார்கள் இந்த ‘டிரக் ஆர்ம்’ அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டன. உச்சப் பந்தயத் தொடர் 2022இல் புதிய தலைமுறைக் காருக்கு மாறும்வரை அதைக் கைவிடவில்லை. ஆகவே தொழிற்சாலை தந்ததையும் பட்டறை மாற்றியதையும் ஒரே சேஸிஸில் வைத்து ஒப்பிட இந்த வண்டி வாய்ப்பளிக்கிறது.

முதலில் காற்றுப்பையின் மீதுள்ள பழியை விசாரித்துவிடுவோம். ‘பை போட்டால் வண்டி ஆடும்’ என்பது பழைய குற்றச்சாட்டு. 1957இல் கேடிலாக் எல்டொராடோ புரோஹமும், 1958இல் ஷெவ்ரலேயின் ‘லெவல் ஏர்’ விருப்பத் தேர்வும் கண்ட தோல்வி அதற்கு வலுச்சேர்த்தது. ஆனால் அங்கே தோற்றவை வால்வும் கசிந்த இணைப்புகளும். காற்றை ஸ்ப்ரிங்காகக் கொள்ளும் கோட்பாடு தோற்கவில்லை. நம் ஊர் ஆம்னி பேருந்துகளின் அடியில் இரவெல்லாம் உழைப்பதும் அதே வகைப் பைதான்.

கோட்பாட்டளவில் பைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. சுமை கூடினால் அழுத்தத்தைக் கூட்டுகிறோம். அழுத்தம் கூடினால் விறைப்பும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடுகிறது. அதனால் வெறும் சரக்குத் தொட்டியோடு போனாலும் அரை டன் ஏற்றிக்கொண்டு போனாலும் வண்டியின் அலைவு வேகம் அதிகம் மாறுவதில்லை. முழுச் சுமைக்காக விறைப்பாக்கப்பட்ட லீஃப் ஸ்ப்ரிங், தொட்டி காலியானதும் தவளைபோலத் துள்ளுவதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அலைவு வேகத்தைத் தீர்மானிப்பது முக்கியமாகப் பையின் கனஅளவை அதன் செயற்பரப்பால் வகுத்தால் வரும் உயரம். அது 15 சென்டிமீட்டராகவும் அழுத்தம் 60 பிஎஸ்ஐ ஆகவும் இருந்தால் வினாடிக்குச் சுமார் 1.7 அலைவுகள் வரும். பிக்அப்புக்கு அது குறைசொல்ல முடியாத எண்.

ஆகவே பை குற்றவாளி அல்ல. ஆனால் முழு விடுதலையும் தருவதற்கில்லை. திடீர்க் குலுக்கலில் உள்ளே அமுங்கும் காற்று சூடாகி விறைப்பாக எதிர்க்கிறது. நீண்ட வளைவில் மெல்ல அமுங்கும்போது சூடு வெளியேற நேரம் கிடைப்பதால் அதே காற்று கூடுதலாக விட்டுக்கொடுக்கிறது. குழியில் இறுக்கமாகத் தோன்றும் வண்டி நெடுவளைவில் மேலும் மேலும் சாய்வதற்கு ஒரு காரணம் இதுதான். அடுத்து, அலைவைத் தணிக்கும் ஆற்றல் பைக்குக் கிட்டத்தட்ட இல்லை. ஷாக் அப்சார்பர் இல்லாமல் பை மட்டும் வைத்து ஓட்டும் வண்டிகள் இத்துறையில் இன்றும் உண்டு. அவற்றைத் திறனாய்வுக்கு எடுப்பதே வீண். முக்கியமான குறை வேறு. லீஃப் ஸ்ப்ரிங் சுமையைத் தாங்கியதோடு அச்சை முன்பின் நகராமலும், பக்கம் ஒதுங்காமலும், முடுக்கத்தில் உருளாமலும் பிடித்திருந்தது. பை மேலும் கீழுமாக மட்டுமே தாங்கும். மற்ற வேலைகளையெல்லாம் அச்சைச் சேஸிஸோடு இணைக்கும் லிங்க்குகள் ஏற்க வேண்டும். எனவே காற்றுப்பை வண்டியின் நிலைத்தன்மை என்று நாம் பேசுவது, பெரும்பகுதி லிங்க்குகளின் வடிவியலையும் பை உட்காரும் இடத்தையும் பற்றித்தான்.

பை உட்காரும் இடத்தில் தொடங்கலாம். கஸ்டம் உலகில் பரவலானது, பையை அச்சின் மேல் வைக்காமல் கீழ் லிங்க்கின் நடுவில் வைக்கும் முறை. இதன் கவர்ச்சி எளிதில் புரியும். பை 12 சென்டிமீட்டர் விரிந்தால் சக்கரம் 24 சென்டிமீட்டர் இறங்குகிறது. சிறிய பையில் பெரிய நாடகம் கிடைக்கிறது. தொட்டியின் தளத்தையும் அதிகம் வெட்ட வேண்டியதில்லை. பயண மென்மையும் கூடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: லிங்க்கின் சரிபாதியில் பை இருந்தால், அதே சுமைக்குச் சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு ஏறத்தாழ பாதியாகிறது. ஆனால் விலையும் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. சாய்வை எதிர்க்கும் விறைப்பும் பாதியாகிறது. பை தாங்கும் விசை இரட்டிப்பாவதால் அதற்கேற்ப அழுத்தமும் ஏற வேண்டும். இழுவிசையும் அமுக்குவிசையும் மட்டுமே ஏற்க வேண்டிய லிங்க், இப்போது வளைவிசையையும் சுமக்கிறது; முன்முனை புஷ் வண்டியின் எடையில் ஒரு பங்கை நாள்முழுதும் தாங்குகிறது. ஒரே உறுப்பு இரண்டு வேலை செய்வது சிக்கனம்போலத் தோன்றும். இங்கே இரண்டாம் வேலை முதல் வேலையைக் கெடுக்கிறது.

இதைவிடப் பொதுவான பிழை, பைகளைச் சேஸிஸின் இரு நீளச் சட்டங்களுக்கு உட்புறமாக நெருக்கி வைப்பது. முழு அச்சில் ஸ்ப்ரிங் தரும் சாய்வு எதிர்ப்பு, இரு ஸ்ப்ரிங்குகளுக்கும் இடைப்பட்ட தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மைய இடைவெளி 100 சென்டிமீட்டராக இருக்க வேண்டிய பைகளை 60 சென்டிமீட்டருக்குச் சுருக்கினால் எஞ்சுவது 36 சதவீதம். சக்கரத்துக்கு இடம் விட வேண்டும், அகல டயர் போட வேண்டும் என்ற காரணங்கள் உண்மையானவை. ஆனால் இழந்த 64 சதவீதத்தை, சாய்வைத் தடுக்கும் ஸ்வே பார் போட்டு மீட்டிருக்கிறாரா என்று வடிவமைத்தவரைக் கேட்டால், ‘அதற்கு இடமில்லை’ என்பதே பெரும்பாலும் பதிலாக வருகிறது.

மூன்றாவதைப் பிழை என்பதைவிட அறியாமை எனலாம்: பின்னிரு பைகளையும் ஒரே குழாயில் சேர்த்து ஒரே வால்வில் இயக்குவது. வளைவில் வெளிப்பக்கப் பை அமுங்கும்போது அதன் காற்று உட்பக்கப் பைக்குப் போய்விடுகிறது. வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் இன்னும் சாய உதவி கிடைக்கிறது. பைகளிடமிருந்து வர வேண்டிய சாய்வு எதிர்ப்பு சுழியமாகிறது. மலிவு கிட்களில் இது இன்றும் வருகிறது. ஸ்வே பாரும் இல்லாத பிக்அப்பில் இதற்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி லிங்க்குகள். கண்காட்சி வண்டிகளில் செல்வாக்குள்ளது முக்கோண ஃபோர்-லிங்க். கீழே இரண்டு லிங்க்குகள் நேராக ஓடுகின்றன; மேலே இரண்டு சாய்ந்து ஒன்றையொன்று நோக்கி வருவதால் பக்கவாட்டுப் பிடிப்பையும் அவையே தந்துவிடுகின்றன. பன்ஹார்டு பார் தேவையில்லை. அச்சு ஏறி இறங்கும்போது பக்கம் ஒதுங்காது. இது உண்மையான சாதனை. 25 சென்டிமீட்டர் பயணம் கேட்கும் வண்டியில் வேறெந்த எளிய அமைப்பும் இவ்வளவு நேர்கோட்டில் அச்சை நடத்துவதில்லை. சேஸிஸைத் தரையில் படியவைக்க விரும்புபவருக்கு இதுவே நியாயமான தேர்வு.

ஆனால் அது கேட்கும் கோணத்தைப் பட்டறைகள் கொடுப்பதில்லை. மேல் லிங்க் ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து 30 பாகை விலகியிருந்தால், பக்க விசை எவ்வளவோ அவ்வளவையே ஒவ்வொரு லிங்க்கும் சுமக்கும். 15 பாகைக்குக் குறுக்கினால் சுமை கிட்டத்தட்ட இருமடங்கு. பாலியூரித்தேன் புஷ்கள் அந்தச் சுமையில் நசுங்கி மீளும்போது, ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பாமலே பின்னச்சு சற்றே திரும்புகிறது. எக்ஸாஸ்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட், எரிபொருள் டேங்க் எல்லாவற்றுக்கும் வழிவிட்டு மிச்சமுள்ள இடத்தில் லிங்க்கைச் செருகும்போது முதலில் பலியாவது கோணம்தான். இன்னொன்று: மேல் லிங்க்குகளின் கோடுகள் அச்சுக்கு மேலே கூடுவதால் பின்பகுதியின் சாய்வு மையம் உயர்ந்துவிடுகிறது. உடல் குறைவாகச் சாய்வது நன்மை. வளைவில் எடை மாற்றத்தின் பெரும்பங்கு திடீரெனப் பின்சக்கரங்களில் விழுவது தீமை. முன்பக்கம் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் பின்பகுதி முதலில் வழுக்கும்.

இணை ஃபோர்-லிங்க்கைச் சுருக்கமாகவே முடிக்கலாம். டிராக் பந்தயத்தில் நேர்கோட்டுக்காகச் செம்மைப்பட்ட அமைப்பு அது. மேல் கீழ் லிங்க்குகள் நீளத்தில் வேறுபட்டால், உடல் சாயும்போது இடப்பக்கமும் வலப்பக்கமும் அச்சை வெவ்வேறு அளவில் உருட்டப் பார்க்கும். அச்சுக் குழாயே முறுகும் ஸ்வே பாராகிறது. கொஞ்சம் முறுகினால் லாபம், அதிகம் முறுகினால் வெல்டிங் பிளக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையைக் கணக்கிட்டு நிறுத்திய வடிவமைப்புகள் அரிது.

மீண்டும் சி10இன் சொந்தக் கைகளுக்கு வருவோம். கஸ்டம் பட்டறையில் பெரும்பாலும் முதல் நாளே கழற்றி எறியப்படுபவை இவை. பழைய லாரிப் பாகம், பார்வைக்கு முரடு, புகைப்படத்தில் எடுபடாது. ஆனால் வடிவியலைப் பாருங்கள். கைகள் ஒரு மீட்டரைத் தாண்டிய நீளம் கொண்டவை; அதனால் அச்சு பெரிய வட்டத்தின் சிறு வில்லில் நகர்கிறது. கைகள் அச்சோடு இறுகப் பிணைக்கப்பட்டிருப்பதால் அச்சு ஏறி இறங்கும்போது பினியன் கோணம் மாறத்தான் செய்கிறது: 125 சென்டிமீட்டர் நீளத்தில் 12.5 சென்டிமீட்டர் ஏறினால் சுமார் 5.7 பாகை. தாளில் இது குறைபோலத் தெரியும். ஆனால் கைகள் சுழலும் புள்ளியும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுழலும் யூ-ஜாயின்ட்டும் அருகருகே இருக்கும்போது இரண்டும் ஒன்றாகவே சாய்கின்றன. பினியனில் உள்ள யூ-ஜாயின்ட் காணும் மாற்றம் சிறிதே. தனியாகப் பார்த்தால் குறையாகத் தெரிவது முழு அமைப்பில் ஒத்திசைவாக மாறுகிறது. நல்ல பொறியியலை இனங்காண இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது.

கைகளின் குறுக்குவெட்டு ‘ஐ’ வடிவில் இருப்பதும் தற்செயல் அல்ல. மேலும் கீழும் வளைக்கும் விசைக்கு அது வலிமையானது. முறுக்கினால் நெகிழ்ந்து கொடுக்கும். உடல் சாயும்போது கைகள் கொஞ்சம் முறுகியே ஆக வேண்டும். ‘ஐ’ வடிவம் அதை அனுமதிக்கிறது. பலப்படுத்துகிறேன் என்று பக்கத்தகடு வைத்து அதைப் பெட்டிபோல மூடி வெல்டிங் செய்பவர்கள், நெகிழ வேண்டிய இடத்தை விறைப்பாக்கி, சுமையைப் புஷ்களுக்கும் அச்சுப் பிணைப்புகளுக்கும் தள்ளிவிடுகிறார்கள். பார்க்க வலுவாகவும் ஓட்டத்தில் பலவீனமாகவும் ஆகும் மாற்றத்துக்கு இது பாடநூல் உதாரணம்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்தால் இது புகழுரையாகிவிடும். முன் குறுக்குச் சட்டமும் கைகளின் முன்முனைகளும் தாழ்வாகத் தொங்குவதால் சேஸிஸை முழுமையாகத் தரையில் படியவைக்க முடியாது; அதைச் சாதிக்கக் குறுக்குச் சட்டத்தை மாற்றி அமைத்தால், கோணங்களைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். அச்சு மேலேற நீளச் சட்டத்தில் ‘சி’ வடிவ வெட்டும் தேவை. பெரிய குறை பன்ஹார்டு பார். ஒரு முனை சேஸிஸிலும் மறுமுனை அச்சிலும் இருப்பதால் அச்சு வில்லாக நகர்ந்து பக்கம் ஒதுங்குகிறது. தாழ்த்திய சி10இல் ஒரு பக்க டயர் ஃபெண்டரை ஒட்டியும் மறுபக்க டயர் உள்வாங்கியும் நிற்பது இத்துறையில் பழகிய காட்சி.

இங்கே கணக்கு தெளிவானது. 50 சென்டிமீட்டர் நீளப் பார் மட்டநிலையிலிருந்து 12.5 சென்டிமீட்டர் விலகினால் அச்சு 1.6 சென்டிமீட்டர் ஒதுங்கும். 90 சென்டிமீட்டர் பாரில் அது 0.9க்குக் கீழே. நீளத்தைவிட முக்கியம், பார் எந்த உயரத்தில் மட்டமாக இருக்கிறது என்பது. தரைபடிந்த நிலையில் மட்டமாக வைத்தால் புகைப்படத்தில் சக்கரங்கள் நடுவில் நிற்கும். ஆனால் அதே 90 சென்டிமீட்டர் பார், வண்டி 25 சென்டிமீட்டர் உயர்ந்த நிலையில் அச்சை 3.5 சென்டிமீட்டர் ஒதுக்கிவிடும். ஓட்ட உயரத்திலும் பார் சரிந்தே இருப்பதால் ஒவ்வொரு குழியிலும் பின்பகுதி பக்கத்துக்கு ஒரு தட்டுத் தட்டும். ஓட்ட உயரத்தில் மட்டமாக வைத்தவர் சாலைக்காக வடிவமைத்தவர். ஒரு வண்டியின் அடியில் குனிந்தால் நான் முதலில் தேடுவது இந்த ஒன்றைத்தான்.

ஓட்ட உயரம் பற்றிய இன்னொரு உண்மையை இத்துறை போதிய அளவு பேசுவதில்லை. தாழ்ந்த வண்டி ஆபத்தானது, உயர்த்தி ஓட்டினால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் கைகளோ கீழ் லிங்க்குகளோ பின்னோக்கிச் சரியும்படி, அதாவது முன்முனை அச்சைவிட உயரமாக இருக்கும்படி வண்டியை உயர்த்தினால், வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் மேலேறும்போது பின்னோக்கித் தள்ளப்படுகிறது. அச்சு வளைவின் வெளிப்பக்கம் நோக்கித் திரும்புகிறது. ஓட்டுநர் கேட்டதைவிட அதிகமாக வண்டி திரும்பும். முன்முனை அச்சுக்குச் சமமாக இருந்தால் இந்தத் திருப்பம் கிட்டத்தட்ட இல்லை; சற்றே தாழ்ந்திருந்தால் விளைவு தலைகீழ்: பின்பகுதி அடங்கி வரும். வேகத்தடையைக் கடக்கப் பையை முழுக்க ஊதி, அப்படியே நெடுஞ்சாலையில் ஏறும் வண்டி, தரையை உரசும் வண்டியைவிட மோசமாக நடந்துகொள்ளும். அச்சு எல்லை மீறி இறங்காமல் தடுக்கும் பட்டையும், அடிமட்டத்தில் மோதாமல் தாங்கும் ரப்பர் கட்டையும் இல்லாத அமைப்பில் இந்தத் தவறுக்கு அளவே இல்லை.

முன்பக்கத்தில் சொல்லக் குறைவாகவே உண்டு. சி10இன் இரட்டை விஷ்போன் அமைப்பில் காயில் இருந்த கிண்ணத்தில் பை அமர்கிறது. வடிவியல் ஏற்கெனவே தீர்க்கப்பட்டது. கெடுப்பது இரண்டு. பைக்கு இடைஞ்சல் என்று ஸ்வே பாரைக் கழற்றுவது ஒன்று. வண்டியைத் தாழ்த்தும் வேலை முழுவதையும் பையிடமே விட்டு, டை ராடும் கீழ் விஷ்போனும் வெவ்வேறு வில்லில் நகரவிடுவது மற்றொன்று. தாழ்த்தும் ஸ்பிண்டில் போட்டால் விஷ்போன்கள் தம் பழைய கோணத்துக்கு அருகிலேயே இருக்கும்.

கட்டுப்பாட்டுக் கருவிகளில் ஒரு நுட்பம் கவனம் கோருகிறது. அழுத்தத்தை மட்டும் பார்த்து நிரப்பும் அமைப்பு, சுமை மாறியதும் உயரத்தைத் தவறவிடும். உயரத்தை மட்டும் பார்க்கும் அமைப்புக்கு வேறு கண்கட்டு: ஒரு தளத்தைத் தீர்மானிக்க மூன்று புள்ளிகள் போதும், நான்கு மூலையையும் தனித்தனியே உயர்த்தினால், வண்டி மட்டமாக நின்றபடியே ஒரு மூலைவிட்ட ஜோடி அதிகச் சுமையையும் மற்றது குறைவாகவும் ஏற்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கோணல் பிரேக் மிதிக்கும்போது ஒரு பக்கம் இழுப்பாக வெளிப்படும். பேருந்துப் பொறியாளர்கள் மூன்றே உயர வால்வுகள் வைத்து, ஒரே வால்வில் பைகள் இணைந்த அச்சின் சாய்வை ஸ்வே பாரிடம் ஒப்படைப்பது இதனால்தான். கஸ்டம் உலகில் ஏர் லிஃப்ட் நிறுவனத்தின் 3எச் போல உயரத்தையும் அழுத்தத்தையும் சேர்த்துப் படிக்கும் அமைப்புகள் வந்திருப்பது மெய்யான முன்னேற்றம்; ஆனால் மோசமான லிங்க் கோணத்தை எந்த மென்பொருளும் திருத்தாது.

இனித் தீர்ப்பு. சேஸிஸ் தரையில் படிய வேண்டும் என்பதே முதல் நிபந்தனையானால், மேல் லிங்க்குகளுக்கு 30 பாகையை ஒட்டிய கோணம் தர இடம் ஒதுக்கும் முக்கோண ஃபோர்-லிங்க்கை ஏற்கிறேன். அந்த இடம் இல்லையென்றால் அந்த நிபந்தனையைத்தான் தளர்த்த வேண்டும். ஓட்டுவதற்காகக் கட்டும் சி10க்கு என் தேர்வு, கழற்றி எறியப்படும் அந்தப் பழைய கைகள்: பெட்டியாக மூடாமல், ஓட்ட உயரத்தில் மட்டமாக நிற்கும் நீண்ட பன்ஹார்டு பாருடன். பைகள் லிங்க்கின் நடுவில் அல்ல, அச்சையொட்டி, சக்கரம் அனுமதிக்கும் வரை வெளியே. நான்கு பைக்கும் தனித்தனிக் குழாய், முன்னும் பின்னும் ஸ்வே பார், பயண நீளத்துக்குச் சரியான ஷாக் அப்சார்பர். தரையோடு படிய இன்னும் நாலைந்து சென்டிமீட்டர் மிச்சமிருக்கும் இந்த வண்டிக்குக் கண்காட்சியில் கோப்பை கிடைக்காது. பின்னச்சில் லீஃப் ஸ்ப்ரிங்கோடு 1973 முதல் வந்த ஷெவ்ரலே பிக்அப்களுக்கு இத்தீர்ப்பு அப்படியே பொருந்தாது. அங்கே காப்பாற்றத் தக்க கைகள் தொழிற்சாலையிலிருந்தே வரவில்லை என்பதால், ஃபோர்-லிங்க்குக்கே முதலிடம்.